நலமாக இருப்பதாகத் தெரிவித்தார்

மனைவி பெயருக்குக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை அவர் மூன்று முறை படித்தார். முதல் முறை, வாசலில் நின்றபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல். இரண்டாம் முறை நாற்காலியில் உட்கார்ந்து. மூன்றாம் முறை, மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாக.

"'தங்கள் மருத்துவக் குறிப்புகளின்படியும், தாங்களே பலமுறை தெரிவித்துள்ளபடியும், தாங்கள் நலமாக இருப்பது உறுதியாகிறது. எனவே தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.'"

மனைவி கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள்.

"நான் எப்போ அவங்ககிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சொன்னியா?"

"அந்த ஆபீஸ் எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

"இரு, இன்னும் ஒரு வரி இருக்கு. 'தங்கள் கணவரும் இதை உறுதிசெய்துள்ளார்.'"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "யாருங்க அது?"

"எது?"

"அந்தக் கணவர். எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான் இருக்கார்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பதினோரு வருடம் ஊசி பிடித்தவள். அங்கே அவளுக்குப் பஞ்சு அக்கா என்று பெயர். ஊசி ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. அவள் பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் ரத்தம் எடுத்தாகிவிட்டது என்றே ஆட்களுக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. முடக்குவாதம் என்றார் டாக்டர். குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார். ஒருநாள் ஒரு முதியவரின் கையில் நரம்பு பிடிபடாமல் மூன்று முறை குத்தினாள். அந்த ஆள் கத்தவில்லை. அவள்தான் அழுதாள். அன்றோடு ஊசியைக் கீழே வைத்தாள்.

பரிசோதனைக் கூடம் எல்லா ஊழியர்களுக்கும் காப்பீடு எடுத்திருந்தது. நீண்ட கால நோயால் வேலை செய்ய முடியாமல் போனால், மறுபடி முடிகிற காலம் வரை பாதிச் சம்பளம். பதினோரு வருடமும் மாதம் தவறாமல் அவள் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பாதிச் சம்பளத்துக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள்; நோய்க்கு மாதாமாதம் போடும் ஊசியை இனி அதில்தான் வாங்க வேண்டும். அது நின்றால் விரல்கள் இப்போது இருக்கிற அளவுக்குக்கூட மடங்காது.

"ஆள் மாறிப் போச்சோ என்னவோ. வேற யாருக்கோ போக வேண்டிய லெட்டர்," என்றார் அவர்.

"பேரு என் பேருதானே?"

"பேரு உன் பேருதான்."

"விலாசம்?"

"நம்ம விலாசம்தான்."

நலமாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறது. நலமாக இருந்தால் இவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்காதா?

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு காப்பீட்டு அலுவலகம் போனார். ஆறாவது கவுண்டரில் ஒரு குமாஸ்தா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், கண்ணாடி தலையில இருக்கு."

"ஓ. நன்றி. சொல்லுங்க."

கடிதத்தை நீட்டினார். குமாஸ்தா கணினியில் எண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே மாதிரிக் குரலில் வாசித்தார்.

"போன வருஷம் ரெண்டாம் மாசம், டாக்டர் குறிப்பு. 'நலமாக இருப்பதாகத் தெரிவித்தார். அதே மருந்து.' நாலாம் மாசம். 'நலமாக இருப்பதாகத் தெரிவித்தார். அதே மருந்து.' ஆறாம் மாசம்..."

"போதும் சார்."

"பதினோரு தடவை இருக்கு. பதினோரு தடவையும் அதேதான்."

"டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேப்பார். அவ நல்லா இருக்கேன்னு சொல்லுவா. அது கேட்டதுக்குச் சொல்றது சார். யார் கேட்டாலும் அதைத்தானே சொல்லுவோம்?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். இருக்கறதைப் படிக்கறேன்."

"சரி, கணவர் உறுதிசெய்தார்னு போட்டிருக்கே, அது எந்தக் கணவர்? நான் யார்கிட்டயும் எதையும் உறுதி பண்ணல."

குமாஸ்தா எதையோ அழுத்தினார். சின்ன ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம் சார், இன்ஷூரன்ஸ்லேர்ந்து பேசறோம். மேடம் எப்படி இருக்காங்க?"

அடுத்து ஒரு ஆண் குரல். பின்னால் மோட்டார் சத்தம். "நல்லா இருக்காங்கம்மா! உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல!"

அது அவருடைய குரல். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் நின்று, வயரை ஒரு கையிலும் ஃபோனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பேசியது. யாரோ அக்கறையாக விசாரிக்கிறார்களே என்று அன்று அவருக்கு மனசு குளிர்ந்துகூடப் போயிருந்தது.

"அவங்க மரியாதைக்குக் கேட்டாங்கன்னு நினைச்சேன்," என்றார்.

"இருக்கலாம். மரியாதைக்குன்னு குறிக்க இதுல கட்டம் கிடையாது."

"அவளுக்கு நோய் இருக்குன்னு டாக்டர் சர்ட்டிஃபிகேட் குடுத்திருக்காரே?"

"நோய் இல்லைன்னு நாங்க சொல்லலையே. நோய் பேரு இருக்கு, மருந்து பேரு இருக்கு. என்ன வேலை முடியலன்னு ஒரு தாள்லயும் இல்ல. முடியலன்னு யாருமே சொல்லாதப்போ, முடியலன்னு நாங்க எப்படி எழுதறது?"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. நோய் இருக்கிறது, ஆனால் நலம். வேலைக்குப் போகவில்லை, ஆனால் முடியாது என்று நிரூபணம் இல்லை. குமாஸ்தா மேல் கோபப்படலாம் என்று பார்த்தார். அந்த ஆள் தப்பாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"மேல்முறையீடு பண்ணுங்க," என்றார் குமாஸ்தா, குரலைத் தாழ்த்தி. "கடிதத் தேதியிலேர்ந்து முப்பது நாள். மறுபரிசீலனைக்கு ஒரு டாக்டரம்மா உக்காருவாங்க. வெறுங்கையோட போகாதீங்க. ஏதாவது எழுத்துல கொண்டு போங்க."

"என்ன எழுதறது?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? உங்க வீட்லதானே இருக்காங்க?"

அந்தக் கேள்விதான் வீடு வரை கூடவே வந்தது. உண்மையில் அவருக்கும் தெரியாது. காலையில் அவர் எழும்போது அவள் எழுந்திருப்பாள். ராத்திரி அவர் வரும்போது சாப்பாடு இருக்கும். நடுவில் என்ன நடக்கிறது? வந்ததும் "எப்படி இருக்கே?" என்பார். "இருக்கேன்," என்பாள். இரண்டு வருடமாக இதுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. வந்தால் நாலு வார்த்தை குத்தாமல் போகமாட்டாள். விஷயத்தைக் கேட்டதும் தம்பியைச் சமையலறைப் பக்கம் இழுத்தாள்.

"ஏன்டா, ஆளு பாத்தா பளிச்சுன்னு இருக்கா. இவளால முடியாதுன்னு ஊரெல்லாம் எழுதிக் குடுக்கப்போறியா? நாக்கு கூசல உனக்கு?"

"அக்கா, மெதுவா பேசு."

"உடம்புன்னா ஆயிரம் இருக்கும். எனக்கு இல்லையா? நான் யார்கிட்டயாவது போய் நிக்கறேனா? பொம்பளைங்க நாங்க சொல்லாம செய்யறதாலதான்டா நீங்கல்லாம் நேரத்துக்குச் சாப்பிடறீங்க."

கட்டிலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அண்ணி, நீங்க ரகசியம் பேசறது இங்க நல்லா கேக்குது."

அக்கா கிளம்பிப் போனாள். ஆனால் சொன்னது அவருக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டது. பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கிறாள். ஒருவேளை கடிதம் சொல்வதுதான் சரியோ? இப்படியும் நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். போகிற மெக்கானிக் என்ன பார்த்தான் என்று எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் 'சரியாக உள்ளது' என்று எழுதிவிட்டு இறங்கிவிடுவார்கள். அவர் திட்டுவார். "சரின்னா என்னடா சரி? கதவு மூட எத்தனை செகண்டு? எந்த மாடியில இடிச்சுது? அதை எழுது." சில லிஃப்டுகள் மெக்கானிக் வந்தால் ஒழுங்காக ஓடும், அவன் தெருமுனை தாண்டியதும் நின்றுவிடும். அந்த வியாதிக்கு நோட்டுப் புத்தகம் தவிர வேறு மருந்து கிடையாது.

ஆறு நாள் விடுப்பு எடுத்தார். ஒரு புது நோட்டு வாங்கினார்.

"என்னங்க இது, என்னை லிஃப்டுன்னு நினைச்சீங்களா?" என்றாள் மனைவி.

"நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. நான் இல்லைன்னு நினைச்சுக்கோ."

"ரெண்டு வருஷமா அப்படித்தானே நினைச்சுட்டிருக்கேன்."

முதல் நாள் அவள் எழும்போதே எழுந்தார். மணி நாலரை. ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்டார். விரல் மடங்க இரண்டு மணி நேரம் ஆகும், நீங்கள் எழுவதற்குள் மடங்கிவிட்டால் நல்லது, அதனால்தான் என்றாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் எழுதினார்: நாலரை முதல் ஆறரை வரை, வெந்நீர்.

பல் தேய்க்கும் பேஸ்டின் மூடி திறந்தே கிடந்தது. எண்ணெய் பாட்டில், தண்ணீர் பாட்டில், மருந்துக் குப்பி, எல்லா மூடியும் சும்மா மேலே வைத்திருந்தது. இதற்காக அவர் எத்தனை முறை சத்தம் போட்டிருக்கிறார். "ஒரு மூடியை இறுக்க மாட்டியா? அத்தனை அலட்சியமா?" அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். இறுக்கி மூடினால் திறக்க அவர் ராத்திரி வரவேண்டும். இது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. நோட்டில் 'மூடிகள்' என்று எழுதினார். அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஒரு பாத்திரம் கழுவினாள், நாற்பது நிமிடம் படுத்தாள். மூன்று சட்டை மடித்தாள், இருபது நிமிடம். வாசல் மணி அடித்தபோது தாழ்ப்பாளை இரண்டு மணிக்கட்டாலும் தள்ளினாள். தபால்காரர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

நான்காம் நாள் குழப்பம் வந்தது. அன்று அவள் விடிந்தபின் எழுந்தாள். வெந்நீர் கேட்கவில்லை. வீடு பெருக்கினாள், துணி துவைத்தாள், மதியம் தூங்கவில்லை. சாயங்காலம் அவரோடு தெருமுனை வரை நடந்தாள். எதிர்ப்பட்டவர்கள், "அக்கா, நல்லா இருக்கீங்களே!" என்றார்கள்.

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"இன்னைக்கு எல்லாம் செஞ்சியே. இதை எழுதவா, வேண்டாமா?"

"எழுதுங்க."

"எழுதினா நம்ம கேஸ் நிக்காதே."

"நடந்ததைத்தானே எழுதறீங்க? எழுதுங்க. நாளைக்கும் எழுதுங்க."

ஐந்தாம் நாள் அவள் எழவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. தண்ணீர் டம்ளரை அவர்தான் பிடித்துக் கொடுத்தார். ஆறாம் நாளும் அப்படியே. ஒரு நல்ல நாளுக்கு இரண்டு நாள் என்பது அவள் கணக்கு. இதையே எத்தனை மாதமாகப் பார்த்தும், நல்ல நாளை மட்டும் நினைவில் வைத்து, மற்ற நாளில் "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்று கேட்டவர் அவர்.

மறுபரிசீலனைக்குப் போன அறை சிறியது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் கடிகாரம். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணினியைப் பார்த்தபடியே பேசினார்.

"வாங்கம்மா, உக்காருங்க. எப்படி இருக்கீங்க?"

மனைவியின் வாய் தானாகத் திறந்தது. "நல்..."

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆறு நாள் நோட்டு மடியில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தை பன்னிரண்டாவது முறையாக ஏறிவிட்டால் எல்லாம் போச்சு. குறுக்கே பேசவும் பயம். போன முறை பேசிய வாய்தானே இது?

மனைவி நிறுத்திக்கொண்டாள். உதட்டை ஈரப்படுத்தினாள்.

"டாக்டர், நீங்க மரியாதைக்குக் கேக்கறீங்களா, ஃபைலுக்குக் கேக்கறீங்களா?"

டாக்டரம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். முதல் முறையாக அவளைப் பார்த்தார்.

"ஃபைலுக்கு."

"அப்படின்னா நல்லா இல்ல."

பிறகு அவள் சொன்னாள். நாலரை மணி, மூடிகள், தாழ்ப்பாள், நல்ல நாள், அதன்பின் வரும் இரண்டு நாள். ரத்தம் எடுக்க விரல் நுனியில் உணர்வு வேண்டும், தோலுக்கு அடியில் நரம்பு குதிப்பதைத் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், தனக்கு இப்போது காகிதமும் துணியும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றாள். நோட்டில் இல்லாத ஒன்றையும் சொன்னாள்.

"தூக்கத்துல இவர் புரண்டா போர்வை என் கைமேல உரசும். அதுக்கே வலிச்சு முழிச்சுக்குவேன். சொன்னா இவர் தரையில படுத்துக்குவார். அதனால சொல்லல."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதுல எதையுமே உங்க டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"பதினோரு வருஷம் நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கேன் டாக்டர். எப்படி இருக்கீங்கன்னு கேட்டுக்கிட்டே கையில ரப்பர் பட்டையைக் கட்டிடுவேன். பதிலுக்கு ஒருநாளும் காத்திருந்ததில்ல. அதனால என்னைக் கேக்கறப்பவும், பதில் வேணும்னு கேக்கறாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். நான்காம் நாள் பக்கத்தில் நிறுத்தினார். "நல்லா இருந்த நாளையும் எழுதியிருக்கீங்களே?"

"நடந்தது அது," என்றார் கணவர்.

"இதை மறைச்சிருந்தா மத்த அஞ்சு நாளையும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

கடைசியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். கணவர் பேனாவை மனைவி விரல்களுக்குள் பொருத்தப் போனார். டாக்டரம்மா கையை உயர்த்தித் தடுத்தார். மனைவி தானே எடுத்தாள். பேனா இரண்டு முறை விழுந்தது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒருவழியாகக் கையெழுத்து முடிந்ததும் கணினியில் ஒரு வரி தட்டினார். தட்டியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்: "'தன் பெயரைக் கையெழுத்திட ஆறு நிமிடம்.'"

பதினெட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஒரு வருடத்துக்கு. அதன்பின் மீண்டும் பரிசோதனை.

அக்கா கேள்விப்பட்டு வந்தாள்.

"ஒரு வருஷம்தானா? அப்புறம் மறுபடியும் போய் எல்லாத்தையும் சொல்லணுமா?"

"சொல்லணும்."

"வெக்கமா இருக்காது?"

"முதல் தடவைதான் அண்ணி வெக்கமா இருந்தது," என்றாள் மனைவி.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து செருப்பில்லாத காலைத் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

"எனக்குக் கால் மரத்துப்போகுதுடா," என்றாள், தரையைப் பார்த்து. "செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல. அன்னைக்குக் கடை வரைக்கும் ஒரு செருப்போட நடந்திருக்கேன். சர்க்கரை இருக்கு எனக்கு. மூணு வருஷமா."

"அக்கா! வாரம் தவறாம ஃபோன் பண்றேனே, ஒரு வார்த்தை சொல்லலையே?"

"ஃபோன் பண்ணா நீ என்ன கேக்கறே? நல்லா இருக்கியாக்கான்னு கேக்கறே. அதுக்கு வேற என்னடா பதில் இருக்கு?"

அவர் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு என்மேலதான்க்கா. பதிலையும் நானே சேர்த்துல்ல கேட்டிருக்கேன். இனிமே யாரையும் அப்படிக் கேக்கமாட்டேன். எது முடியல, எவ்வளவு நேரமாகுது, அதுக்கப்புறம் எப்படி இருக்குன்னு கேப்பேன். கேட்டுட்டுப் பதில் வர்ற வரைக்கும் உக்காந்திருப்பேன். நீயும் சொல்லணும். வலியைச் சொன்னா புலம்பறதா ஆகாது. சொல்லாம மறைச்சாதான் வினை. டாக்டருக்கும் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது, கூடவே படுத்திருக்கறவனுக்கும் தெரியாது. நாமளே நமக்கு எதிரா சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்."

அக்காவின் பாதத்தைக் கையில் எடுத்து ஒரு கால்விரலை அழுத்தினார்.

"இப்ப சொல்லு. நான் எந்த விரலைத் தொடறேன்?"

அக்கா கண்ணை மூடி யோசித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. முதல் முறையாக, தெரியவில்லை என்றே சொன்னாள்.